பெட்டிக்கு வந்த அருள்

வேண்டாங்க, மேல வைக்க மாட்டேன். மடியிலயே இருக்கட்டும். கனம்தான், எனக்குத் தெரியாதா? உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, கனமாத்தான் இருக்கும். கண்டக்டர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். அந்த ஆளு கீழ டிக்கியில போடுங்கறான். டிக்கியில! முட்டைக்கோஸ் மூட்டையோட! நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தா போதும்.

ஐயோ, பயப்படாதீங்க, அது ரத்தம் இல்ல. குங்குமம். இந்த மஞ்சளா இருக்கறது சந்தனம். பஸ் ஏறுனதுலருந்து நகத்தால சுரண்டிக்கிட்டு வர்றேன், போய்த் தொலைய மாட்டேங்குது. குமிழுக்கு அடியில எல்லாம் இறங்கிடுச்சு. சீ! ஒரு மிஷினுக்குப் போய்ப் பொட்டு வைக்கிறவனை என்னங்க பண்றது? விட்டா கிரைண்டருக்கு வளைகாப்பு பண்ணுவானுங்க.

என் பேரு அறிவுடைநம்பி. அப்பா வெச்ச பேரு. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஊர்ல தேர் வந்தா ஜன்னலைச் சாத்திட்டுப் பேப்பர் படிப்பார். நானும் அந்த வழிதான். சாமி, பூதம், திருஷ்டி, நல்ல நேரம், ஒண்ணும் கிடையாது. ஒரு விஷயத்தைக் கண்ணால பார்க்கணும், இல்ல காதால கேக்கணும். என் தொழிலுக்குக் காது. சவுண்ட் இன்ஜினியர்ங்க நான். பாட்டு ரெக்கார்டிங் பண்ணி மிக்ஸ் பண்றது.

முன் சீட்டுக்காரர் போன்ல என்னமோ ஓட விட்டிருக்கார், கேக்குதா உங்களுக்கு? குண்டூசியால பல்லு குத்துற மாதிரி இருக்கு. அதுதான் இப்ப எல்லாருக்கும் சங்கீதம். ஜனங்க காதுல பினாயில் ஊத்துனாக் கூட நல்லா இருக்குன்னு தலையாட்டுவாங்க.

சரி, பெட்டி என்னன்னு கேட்டீங்கல்ல. இப்ப எல்லா ரெக்கார்டிங்கும் கம்ப்யூட்டர்லதான். நானும் கம்ப்யூட்டர்லதான் பண்றேன், இல்லைங்கல. உடுக்கை தனியா, பம்பை தனியா, குரல் தனியா, கீபோர்டு தனியா உள்ள ஏத்தி வெச்சிருப்போம். எல்லாத்தையும் கடைசியில ஒண்ணா சேர்க்கணும்ல? அங்கதான் விஷயம். கம்ப்யூட்டரையே சேர்க்கச் சொன்னா அது கணக்குப் போட்டுச் சேர்த்துடும். வெறும் கூட்டல் கணக்கு. என்னை மாதிரி ஆளுங்க அதை ஒத்துக்க மாட்டோம். உடுக்கையைத் தனி ஒயர்ல வெளிய எடுப்போம், பம்பையைத் தனி ஒயர்ல எடுப்போம், குரலைத் தனியா எடுப்போம். எல்லாம் நிஜக் கரண்டா இந்தப் பெட்டிக்குள்ள வரும். இங்க ஒண்ணோட ஒண்ணு கலக்கும். கலந்தது மறுபடி கம்ப்யூட்டருக்குப் போகும். அவ்வளவுதான் இதோட வேலை. சோத்தையும் குழம்பையும் கரண்டியால கிளறுறதுக்கும் கையால பிசையறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா? அந்த வித்தியாசம்தான்.

ஜெர்மனியில செஞ்சது. திரை கிடையாது, மெனு கிடையாது. குமிழு மட்டும். எந்தக் குமிழு எங்க நிக்குதோ அதுதான் மிக்ஸ். ஒண்ணு அசைஞ்சாலும் பாட்டு போச்சு. காலையில எழுந்து பல்லு விளக்குனதும் முதல் வேலையா இதைத்தான் ஆன் பண்ணுவேன். வெறுங்கால்லதான் உள்ள போவேன், வலது கையாலதான் சுவிட்சைப் போடுவேன். உடனே பாட்டு ஓட்ட மாட்டேன். சூடாகறவரைக்கும் முன்னால சும்மா உட்கார்ந்திருப்பேன். பெட்டி முன்னால யாரையும் காலை நீட்டி உட்கார விட மாட்டேன். என்ன சிரிக்கிறீங்க? அது மரியாதைங்க. பக்தி வேற, மரியாதை வேற.

ஸ்டூடியோ எங்க தங்கச்சி வீட்டுலதான். மணிமொழின்னு பேரு. போரூர் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் வீடு. முன் ரூம்ல ஸ்டூடியோ, பின்னால அவங்க குடித்தனம். நானும் அங்கயேதான். எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் ஆகலை. மாப்ளை பேரு குமரகுரு, கீபோர்டு வாசிப்பார், பார்ட்டி பிடிச்சுட்டு வருவார். நெத்தி நிறைய விபூதி. நான்தான் பார்த்துக் கட்டி வெச்சேன். அவங்க பொண்ணு பார்த்துட்டுப் போன மறுவாரம் நாங்க மாப்ளை வீடு பார்க்கப் போனோம். எங்க சித்தப்பா, அத்தையெல்லாம் மாப்ளையைப் பார்த்தாங்க. நான் மெயின் போர்டைப் பார்த்தேன். சிரிக்காதீங்க. நல்ல எர்த்துங்க அந்த வீட்டுக்கு, ஒயர்ல இரைச்சல் ஏறாது. தெருவுல பஸ் போகாது, பக்கத்துல லேத் பட்டறை கிடையாது, மரம் அறுக்கிற மிஷின் கிடையாது. அந்த மாதிரி வீடு மெட்ராஸ்ல லேசுல கிடைக்காது. உடனே முடிச்சுடலாம்னு சொல்லிட்டேன். மணிமொழிகிட்ட கேட்டதுக்கு, "நீங்க பார்த்தாச் சரிதாண்ணே"ன்னா. அவ எப்பவும் அப்படித்தான், அதிகம் பேச மாட்டா. அவ பேசாம இருக்கறது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சத்தம் இல்லாத பொண்ணு.

ஆனா பாருங்க, எர்த்து எவ்வளவு நல்லா இருந்தாலும் இந்தப் பெட்டி நிஜக் கரண்டுல வேலை செய்யறது. வீட்டுல வேற மோட்டார் ஓடுனா உள்ள வந்து உட்கார்ந்துக்கும். ஃப்ரிட்ஜ் தானா ஆன் ஆகும்ல, அப்ப பாட்டு நடுவுல டொக்குன்னு விழும். மிக்ஸி போட்டா ஜர்ருன்னு ஒரு அழுக்கு, குரல் மேலேயே படியும். அப்படிப் படிஞ்சா திரும்ப முதல்லேருந்து ஓட்டணும். கம்ப்யூட்டர்ல சேர்த்தா ஒரு கொட்டாவி விடற நேரத்துல பாட்டைத் துப்பிடும், இதுல அப்படி முடியாது. பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் முழுசா ஓடணும். அவ்வளவு நேரமும் வீடு சுத்தமா இருக்கணும்.

அதனால சின்னதா ஒரு ஒழுங்கு வெச்சேன். நான் மிக்ஸ் பண்றப்போ மிக்ஸி கிடையாது, கிரைண்டர் கிடையாது, வாஷிங் மிஷின் கிடையாது, ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிடணும். இது ஒரு பெரிய விஷயமா? நம்ம அம்மாவெல்லாம் அம்மியிலதானே அரைச்சாங்க? மணிமொழியும் அரைச்சா. ஒரு வார்த்தை சொல்லலை. கையெல்லாம் மிளகாய் எரிச்சல்னு தண்ணியில முக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா, அதுவும் சத்தம் போடாமத்தான். என்ன, நான் மிக்ஸ் பண்றது காலையில ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற வரைக்கும் போகும். நல்ல வேலைன்னா நேரம் ஆகத்தானே செய்யும்?

ஒரு தடவை பால் கெட்டுப் போயிடுச்சு. கோடைக்காலம். ஃப்ரிட்ஜ் பிளக்கை நான் திருப்பி மாட்ட மறந்துட்டேன்னு சொல்லுவாங்க. மறக்கலை, வேலை முடியலை. மணிமொழி அதைக் காய்ச்சி அவ குழந்தை பாப்பாவுக்குக் குடுத்திருக்கா. குழந்தை வந்து ஸ்டூடியோ பாயில வாந்தி எடுத்துடுச்சு. என்ன நாத்தம்ங்கறீங்க! பாயை நான் தூக்கியே போட்டுட்டேன். குழந்தைய ராமச்சந்திரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் பாட்டில் ஏத்திக்கிட்டு வந்தாங்க. நான் கூடப் போயிருப்பேன், ஆனா குமிழெல்லாம் செட் பண்ணி வெச்சிருந்தேன், விட்டுட்டுப் போனா திரும்ப அந்த இடம் கிடைக்காது. அவங்க திரும்பி வந்தப்புறம் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு குழந்தை.

இன்னொரு தடவை தூசி துடைக்கிறேன்னு ஈரத் துணியால பெட்டியைத் துடைச்சுட்டா. குமிழு மொத்தமும் நகர்ந்துடுச்சு. ஒரு வாரத்து வேலை. கத்தலைங்க நான். கை ஓங்கற பழக்கமெல்லாம் நம்ம குடும்பத்துலயே கிடையாது, பொம்பளைங்களுக்குச் சம உரிமைன்னு மேடையில பேசுனவர் எங்க அப்பா. ஒரு மாசம் அவகிட்ட பேசாம இருந்தேன். அவ்வளவுதான். தட்டை வைப்பா, சாப்பிட்டுட்டு எழுந்துடுவேன்.

மாப்ளையோட அசிங்கம் வேற மாதிரி. ஆயுத பூஜைன்னா கம்ப்யூட்டருக்கு, கீபோர்டுக்கு, மைக்குக்கு எல்லாம் சந்தனம் குங்குமம். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வாசல்ல பிழிவார். கற்பூரம் காட்டுவார். கற்பூரப் புகைங்க! கரி படியும்! பெட்டிப் பக்கம் வந்தா நடக்கறதே வேறன்னு சொல்லிட்டேன். "மச்சான், அதுவும் தொழில் பண்ற பொருள்தானே, ஒரே ஒரு பொட்டு"ன்னு கெஞ்சுவார். ஒரு ஜடப் பொருளுக்கு உசுரு இருக்கற மாதிரி நடந்துக்கறது காட்டுமிராண்டித்தனம் மாப்ளைன்னேன். அதுக்கு மணிமொழி அடுக்களையில இருந்து சிரிச்ச மாதிரி இருந்துச்சு. எதுக்குச் சிரிச்சான்னு தெரியலை.

இப்ப ஆடி மாசம். எங்க தொழிலுக்கு ஆடிதாங்க தீபாவளி. தெருவுக்குத் தெரு அம்மன் கோயில், கோயிலுக்குக் கோயில் புதுப் பாட்டு. வாய்ல வந்ததெல்லாம் எழுதிட்டு வருவானுங்க, வேப்பிலையும் சூலமும் எலுமிச்சையும், த்தூ. பண்றேன், சாப்பிடணும்ல. ஆனா சவுண்ட்ல நான் குறை வைக்க மாட்டேன். பொய்யான பாட்டா இருந்தாலும் சத்தம் உண்மையா இருக்கணும்.

எங்க தெரு முனையில எல்லையம்மன் கோயில். தர்மகர்த்தா கன்னியப்பன்னு ஒருத்தர். லாரி வெச்சிருக்கார், மீசையை முறுக்கிக்கிட்டே பேசுவார். அவர் கோயிலுக்குன்னு ஒரு பாட்டு. அவருக்கு ஒரே அளவுகோல். "ஐயா, பாட்டைப் போட்டா அம்மா வரணும். யார் மேலயாச்சும் இறங்கணும். இறங்கலைன்னா அது பாட்டில்லை, விளம்பரம்." இதைக் கேட்டுட்டு நான் என்ன சொல்றது? சரிங்கன்னேன். சொன்ன தேதி தாண்டிடுச்சு, எனக்கு இன்னும் பம்பை சரியா உட்காரலை. கன்னியப்பன் தினம் வாசல்ல வந்து நின்னு மீசையை முறுக்கறார்.

ஒரு நாள் ஒரு கேபிள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போயிட்டு மத்தியானம் திரும்பி வர்றேன். தெரு முனையில திரும்பும்போதே கேக்குதுங்க, எங்க வீட்டு மிக்ஸி. உள்ள போனா ஃப்ரிட்ஜ் ஓடுது, கிரைண்டர் ஓடுது, டிவி ஓடுது, பாப்பா குதிச்சுக்கிட்டு இருக்கு, மணிமொழி பஜ்ஜி போட்டுக்கிட்டே பாடிக்கிட்டு இருக்கா. பாடறா! அவ பாடி நான் கேட்டதே இல்ல. முன் ரூம்ல மாப்ளை பஜ்ஜியைக் கடிச்சுக்கிட்டு, அதே எண்ணெய்க் கையால மவுஸைப் பிடிச்சு, கம்ப்யூட்டருக்குள்ளயே மிக்ஸ் பண்ணி முடிச்சுட்டார். என் பாட்டை. பெட்டிப் பக்கமே போகலை.

எனக்கு வந்த அருவருப்பு இருக்கே. நம்ம தட்டுல இன்னொருத்தன் கையை விட்டுப் பிசைஞ்ச மாதிரி. என்னைப் பார்த்ததும் மணிமொழி பாட்டை நிறுத்திட்டா, மிக்ஸியை நிறுத்திட்டா, டிவியை நிறுத்திட்டா. பாப்பா கூட உட்கார்ந்துடுச்சு. வீடு பழையபடி சுத்தமாச்சு.

மாப்ளை அப்பதான் முதல் தடவையா என்னை எதிர்த்து வாயைத் திறந்தார். "மச்சான், பெட்டியில பண்றதும் கம்ப்யூட்டர்ல பண்றதும் ஒண்ணாத்தான் இருக்கு. என் காதுக்கு வித்தியாசம் தெரியலை. கன்னியப்பனுக்கும் தெரியலை. கேரளாக்காரர் ஒருத்தர் பெட்டியைக் கேக்கறார், குடுத்துடலாம். வீட்டுல மனுஷங்க இருக்கோம் மச்சான்"னார். பெட்டி போனா நானும் போறேன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துண்டுல துடைச்சுக்கிட்டார். கடைசியில சொன்னார், "நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். அம்மாவே தீர்ப்பு சொல்லட்டும். ஆடி வெள்ளி கூழ் ஊத்தும்போது ரெண்டு மிக்ஸையும் கோயில்ல போடுவோம். எதுக்கு அம்மா வர்றாளோ அது ஜெயிச்சுது. உங்களுதுக்கு வந்தா பெட்டி இருக்கட்டும்."

முதல்ல காறித் துப்பலாம்னுதான் தோணுச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். கோவிந்தம்மான்னு ஒரு கிழவி, வருஷா வருஷம் அவ மேலதான் சாமி இறங்கும். அவளுக்குப் பெட்டின்னா என்னன்னு தெரியுமா? கம்ப்யூட்டர்னா தெரியுமா? எந்த மிக்ஸ் யாரோடதுன்னு தெரியுமா? ஒண்ணும் தெரியாது. காதுல விழறதுக்கு உடம்பு என்ன பண்ணுதோ அதுதான். இதைவிட நேர்மையான பரிசோதனை உலகத்துல எங்கயாச்சும் உண்டாங்க? அருள்னு சொல்றாங்களே, அது என்ன? நரம்பு. சத்தத்துக்கு நரம்பு முறுக்கிக்கறது. அறிவியல்தானே? சரின்னேன்.

மறுநாளே பெட்டியைச் சூடு பண்ணிட்டு உட்கார்ந்தேன். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன், எல்லாத்தையும் பிடுங்கினேன். ஃபேன் கூட வேண்டாம்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படித்தான். கூழுக்குக் கேழ்வரகு மாவு அரைக்கணும்னு மணிமொழி கேட்டா. "மிஷின்ல குடுத்து அரைச்சுக்க, இல்லைன்னா கையால பண்ணு"ன்னேன். "சரிண்ணே"ன்னா. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. நான் பண்ணுனதுலயே அதுதாங்க சிறந்த மிக்ஸ். பம்பை வந்து வயித்துல உட்காரும்.

ஆடி வெள்ளி. கோயில் வாசல்ல கூட்டம். கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருக்கானுங்க, அதுல என்ன பம்பை கேக்கும்? சரி, ரெண்டு பேருக்கும் அதே கூம்புதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். முதல்ல மாப்ளை மிக்ஸைப் போட்டாங்க. கோவிந்தம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து வெத்தலை மெல்லுறா. உடுக்கை வருது, மெல்லுறா. பம்பை வருது, மெல்லுறா. பாட்டு முடிஞ்சுது, ஓரமா போய் எச்சிலைத் துப்பிட்டு வந்து மறுபடி உட்கார்ந்துட்டா. கன்னியப்பன் மீசையை முறுக்கறதை விட்டுட்டார். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி.

அப்புறம் என்னுது. குரல் வருது, உடுக்கை வருது. கோவிந்தம்மா மெல்லுறா. எனக்கு வேர்த்துக் கொட்டுது. பல்லவி முடிஞ்சு பம்பை இறங்குது பாருங்க, அந்த இடத்துல கூட்டத்துக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம். ஹேய்ய்ய்னு. எல்லாரும் திரும்புறாங்க. கோவிந்தம்மா மெல்லுறதை நிறுத்திட்டுத் திரும்புறா.

எங்க மணிமொழிங்க.

கூழ் குண்டானைத் தலையில வெச்சுக்கிட்டு வந்தவ, அதைப் பத்திரமா கீழ இறக்கி வெச்சா. இறக்கி வெச்சுட்டு முந்தானையை இடுப்புல சொருகுனா. தலைமுடி அவுந்துச்சு. அப்புறம் ஆடுனா பாருங்க. கறுப்புச் சட்டைக்காரர் பொண்ணு! எனக்கு அவமானத்துல உடம்பெல்லாம் கூசுது. ஆனா அதே நேரத்துல, மறைக்கறதுக்கு என்ன இருக்கு, சந்தோஷமாவும் இருந்துச்சு. என் மிக்ஸுக்கு வந்துடுச்சு! பம்பை இறங்குன அதே இடத்துல! மாப்ளையைத் திரும்பிப் பார்த்தேன், அவர் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுக்கிட்டு நிக்கறார்.

கன்னியப்பன் கற்பூரத்தைக் கொளுத்திக்கிட்டு ஓடி வந்தார். "தாயே, யாரு வந்திருக்கே?"

"எல்லையம்மா வந்திருக்கேன்டா!"

"என்ன குறை தாயே? என்ன வேணும் சொல்லு."

"சத்தம் இல்லடா... என் வீட்டுல சத்தம் இல்லடா..."

அம்மா கோயிலைத்தான் சொல்றான்னு கன்னியப்பன் நினைச்சுக்கிட்டார். "நாளையிலிருந்து ரெண்டு வேளையும் பம்பை வைக்கறோம் தாயே."

"பம்பை யாருக்குடா வேணும்? மிக்ஸி போட விடலடா! ஃப்ரிட்ஜைப் பிடுங்கிப் போட்டுட்டான்டா! கெட்டுப் போன பாலைக் குடிச்சுட்டுப் புள்ள சாகக் கிடந்துச்சுடா! பொட்டி வந்து உட்கார்ந்துக்கிச்சுடா என் வீட்டுல! எடுடா அந்தப் பொட்டியை!"

கூட்டம் அப்படியே நின்னுடுச்சு. அம்மன் கோழி கேப்பா, ஆடு கேப்பா, பட்டுப் புடவை கேப்பா. ஃப்ரிட்ஜ் கேட்டு யாரும் கேள்விப்பட்டதில்லை. "எந்தப் பொட்டி தாயே?"ன்னார் கன்னியப்பன். அவ வேப்பிலையை நீட்டுனா. தெருவே என்னைப் பார்க்குது.

மாப்ளை நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டார். அவர் முதுகுல வேப்பிலையால ஒண்ணு போட்டா. "தாலி கட்டுனவன் தானேடா நீ, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"ன்னு. அப்புறம் என்கிட்ட வந்தா. பக்கத்துல வந்து நின்னு, "டேய் அறிவுடைநம்பி"ன்னா.

சொந்த அண்ணன் பேரை எந்தத் தங்கச்சியாவது வாயால சொல்லுவாளா? என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஊர்லயே ஆள் கிடையாது. "டேய் அறிவுடைநம்பி, உனக்குக் காது இருக்காடா?"ன்னா. என்னைப் பார்த்து! காதை வெச்சுப் பொழைக்கிறவனைப் பார்த்து!

அதுலதாங்க நான் கண்டுபிடிச்சேன். வந்தது நிஜம். சொன்னது பொய். வந்தது என் மிக்ஸோட வேலை, நரம்பு, அறிவியல், அதுல சந்தேகமே இல்ல. வந்ததைச் சாக்கா வெச்சுக்கிட்டு மாப்ளை சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சுட்டா. இல்லைன்னா எல்லையம்மனுக்கு எதுக்குங்க மிக்ஸி? குண்டானைக் கீழ இறக்கி வெச்சுட்டு ஆடுனாளே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுருக்கணும். மாப்ளை வேற ஒண்ணும் தெரியாதவர் மாதிரி தரையில கிடந்து தேம்பித் தேம்பி அழறார். என்ன நடிப்பு!

நானும் விடலை. அங்கயே நியாயம் கேட்டேன். "பேச்சு என்ன மாப்ளை? என் மிக்ஸுக்கு அம்மன் வந்தா பெட்டி இருக்கலாம்கறதுதானே பேச்சு? வந்துச்சா இல்லையா?" கன்னியப்பன் என் தோள்ல கையைப் போட்டுத் தனியா கூட்டிட்டுப் போனார். "ஐயா, நீங்க படிச்சவரு. அம்மா வந்ததைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க. வந்து என்ன சொன்னான்னு பார்க்க மாட்டீங்களா?"ன்னார். லாரிக்காரர் எனக்குப் புத்தி சொல்றார். அவர் கையில கற்பூர நாத்தம்.

தெருவே வந்துடுச்சு வீட்டுக்கு. அம்மா வாக்குன்னு சொல்லிட்டு எவனெவனோ உள்ள பூந்து ஒயரைப் பிடுங்கறான், செருப்புக் காலோட! பெட்டியைத் தூக்கிக் கொண்டாந்து வாசல்ல வெச்சாங்க. மாப்ளை அப்பதான் தன் ஆசையைத் தீர்த்துக்கிட்டார். அம்மா வாயால சொன்ன பொருளாச்சே, சும்மா அனுப்பக் கூடாதாம். சந்தனத்தைக் குழைச்சுக் குமிழுக்குக் குமிழு பொட்டு வெச்சு, குங்குமம் வெச்சு, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைச்சார். கோவிந்தம்மா வந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. வெத்தலைக் கையால.

இன்னொரு கூத்து என்னன்னா, கோயில்ல இப்பத் தினம் என் மிக்ஸைத்தான் போடுறாங்க. அம்மா வந்த மிக்ஸாம். மிக்ஸ் வேணுமாம், பெட்டி வேண்டாமாம். ஜனங்களோட நேர்மையைப் பார்த்தீங்களா?

மாப்ளை என்னைப் போகச் சொல்லலைங்க, அதையும் சொல்லிடறேன். "மச்சான், பெட்டிதான் போகணும். நீங்க இருங்க. அம்மா உங்களைப் போகச் சொல்லலை"ன்னார். மணிமொழிகூட ஒரு நாள் தட்டை வெச்சுட்டு, "நீங்க எங்கயும் போக வேண்டாண்ணே"ன்னா, தரையைப் பார்த்துக்கிட்டே. பெட்டி இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலைன்னு கேட்டேன். அவ தண்ணிச் சொம்பை வெச்சுட்டு உள்ள போயிட்டா. பதில் இருந்தாத்தானே சொல்றதுக்கு? திருச்சியில ஒரு சிநேகிதன் இருக்கான். கல்யாணம் ஆகாதவன், மூணு வேளையும் ஹோட்டல் சாப்பாடு, வீட்டுல அடுப்பே கிடையாது. அங்க போறேன். அங்க சுத்தமா இருக்கும்.

எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. பம்பை இறங்குன இடத்துலதான் வந்துச்சா, இல்ல அதுக்கு முந்தியே உடம்பு தூக்கிடுச்சா? தொழில்காரனுக்கு அது முக்கியம்ங்க. அடுத்த மிக்ஸுக்கு உதவும். இன்னிக்குக் காலையில பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா அடுக்களை வாசலுக்குப் போனேன். மிக்ஸி ஓடுது. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறா, ஒரு கையால மூடியை அமுக்கிக்கிட்டு. "மணிமொழி, எந்த இடத்துல வந்துச்சு?"ன்னேன். திரும்பலை. அந்த வீட்டுல நான் சத்தம் போட்டே பேசுனதில்லை, இன்னிக்குப் போட்டேன். "பாட்டுல எந்த இடத்துலன்னு கேக்கறேன்!" ம்ஹும். நிறுத்தவே இல்ல.

கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். ஜாருக்குள்ள ஒண்ணும் இல்லைங்க. வெறும் ஜார். வெறும் ஜாரைப் போட்டு ஓட விட்டுக்கிட்டு நிக்கறா, சுவத்தைப் பார்த்துக்கிட்டு. தோளெல்லாம் அதிருது, மிக்ஸியை அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்தா. வெறுமன ஓடுனா மோட்டார் கருகிடும், விடும்மான்னேன். விடலை. காதைக் கிட்டக் கொண்டு போனேன். அந்த ஜர்ருக்கு அடியில வேற ஒரு சத்தம் இருந்துச்சு. மத்தவங்களுக்குக் கேட்டிருக்காது, என் காதுக்குத் தப்பாது. மெல்லிசா, விட்டு விட்டு, இழுத்து இழுத்து ஒரு சத்தம்.

பேரிங் தேய்ஞ்சிருக்குங்க. திருச்சி போய்ச் சேர்ந்ததும் மாப்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லணும்.